ஈதோஸ்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பள்ளி ஆண்டு மலருக்கோ விடுதிக் கையேட்டுக்கோ ‘எங்கள் ஈதோஸ்’ (ethos: ஒருவருக்கோ ஒரு கூட்டத்துக்கோ உரிய குணம், மனப்பாங்கு) என்று எழுதுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கிரேக்கத்தில் இது இரண்டு சொல். நெடிலில் தொடங்கும் ஏதொஸ், குணம். குறிலில் தொடங்கும் எதொஸ், பழக்கவழக்கம். ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். எகரமும் ஏகாரமும் வைத்திருக்கும் நமக்குக் குழப்பமே வந்திருக்கக் கூடாது. ஆனால் ஆங்கில ஒலிப்பைப் பிடித்துக்கொண்டு ஈதோஸ் என்று எழுதிப் பழகிவிட்டோம். போகட்டும், பொருளாவது சரியாக இருக்கட்டும்.

தங்கள் மூதாதைத் தெய்வமான ஹெத்தையம்மனின் திருவிழாவில் நீலகிரியின் படுகர்கள் வெள்ளுடை உடுத்துவதை ‘படுகர்களின் ஈதோஸ்’ என்பது தவறு. உடை என்பது பழக்கவழக்கம்; அதன் பின்னால் இருக்கும், மூத்தோரைப் போற்றும் மனப்பாங்குதான் ஈதோஸ். இரண்டுக்கும் உறவு உண்டு. பழக்கத்திலிருந்தே குணம் விளைகிறது, பெயரும் சற்றே திரிந்து அங்கிருந்தே வந்தது என்று ‘நிக்கோமாக்கிய அறவியல்’ என்ற தன் படைப்பின் 2ஆம் நூலில் அரிஸ்டாட்டில் சொல்கிறார். இன்றைய கிரேக்கரும் ‘ஈதி கே எதிமா’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார்களே தவிர ஒன்றாக்குவதில்லை. நீலகிரிப் பழங்குடிகளான தோடர், கோத்தர் பற்றி எழுதுவோர் எத்னொஸ் என்ற சொல்லையும் இதோடு கலந்துவிடுகிறார்கள். அது இனக்குழு, வேறு சொல்.

‘விழுமியம்’ என்று மொழிபெயர்ப்பதும் பாதிதான் பொருந்தும். கொழுந்தோடு முற்றிய இலையைக் கலந்து அரைக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் ஈதோஸ் உண்டு, அறம்தான் இல்லை. ஜெர்மனிலோ இச்சொல் நல்ல பக்கம் சாய்ந்திருக்கும்: அங்கே ‘பெரூஃப்ஸ்ஏட்டோஸ்’ என்றால் தொழில் அறம்.

பேச்சுக் கலையில், கேட்பவரை நம்பவைக்கும் பேச்சாளரின் குணத்துக்கும் ஈதோஸ் என்றே பெயர். இங்கே பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்பவர்கள் செய்யும் பிழை இன்னொன்று. பேச்சாளரின் பட்டமும் பரிசும்தான் ஈதோஸ் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அரிஸ்டாட்டில் கேட்பது அதுவல்ல; நம்பிக்கை பேச்சுக்குள்ளிருந்தே பிறக்க வேண்டும், முன்பே இருக்கும் பெயரால் அல்ல. அதற்கு மூன்று வேண்டும்: விவேகம், நற்குணம், கேட்பவர் மேல் நல்லெண்ணம். நீலகிரியின் பிளாஸ்டிக் தடையை ஆதரித்துப் பேசும் மாணவி, பெட்டிக்கடைக்காரரின் சிரமத்தையும் ஒரு வரி சொல்லட்டும். மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதுமலை யானைகளின் நடத்தையை ஆராயும் ஈத்தாலஜியை அறவியல் என்று எழுதாதீர்கள். வேர் ஒன்றுதான்: ஹோமரிடம் ஏதொஸின் பன்மை, குதிரைகள் பழகித் திரியும் இடங்களைக் குறிக்கிறது. ஆனால் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் ஈத்தாலஜி என்ற இதே பெயரை மனிதக் குணத்தை ஆராயும் துறைக்கு வைத்தார். அங்கே யானையைத் தேட வேண்டாம்.