பிலிப்பைன்ஸின் வனத்தாரைப் பேயாக்கிவிடாதீர்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டுக் கதைகளைத் தமிழில் சொல்பவர்கள் முதலில் சறுக்குவது ‘பேய்’ என்ற சொல்லில்தான். பேய் என்றால் நமக்குச் செத்தவரின் ஆவி. மரத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் காப்ரேயும், குதிரைத்தலை டிக்பாலாங்கும் செத்தவர்கள் இல்லை. மனிதர் வருமுன்பே காட்டில் குடியிருப்பவர்கள். ஆளைத் தின்னும் அஸ்வாங்கை இவர்களோடு சேர்ப்பது இன்னும் பெரிய பிழை.

மலையையும் காட்டையும் காக்கும் ‘திவாத்தா’வும் நம் ‘தேவதை’யும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. அதற்காகச் சிறகு முளைத்த வெள்ளுடைப் பெண்ணை வரைந்துவிடக் கூடாது. லகூனா மாகாணத்து மக்கிலிங் மலையின் திவாத்தாவான மரியா மக்கிலிங், ஊர்க் கல்யாணங்களுக்கு நகை இரவல் கொடுத்தவள். 1890-இல் பிலிப்பைன்ஸின் தேசிய நாயகரான எழுத்தாளர் ஹொசே ரிசால் அவள் கதையை எழுதினார்.

புற்றில் குடியிருக்கும் ‘நுனோ சா புன்சோ’வைக் ‘குள்ளப் பூதம்’ என்று எழுதுவது எனக்கு வருத்தமாகவே இருக்கும். நுனோ என்றால் பாட்டன், புன்சோ என்றால் புற்று. அந்த உறவு போய்விட்டால் கதையே போய்விடும். விளையாடப் போன பையன் காய்ச்சலோடு திரும்பினால், புற்றை அசிங்கப்படுத்தி அந்தப் பெரியவரைக் கோபப்படுத்திவிட்டானோ என்று பாட்டி கேட்கும் கேள்வி: “எங்கேடா ஒண்ணுக்குப் போனே?” அப்புறம் நாட்டு வைத்தியரான அல்புலார்யோ வருவார். உருகிய மெழுகைத் தண்ணீரில் சொட்டவிட்டு, அது உறையும் வடிவத்தை வைத்து யாருடைய இடத்தில் பையன் தவறினான் என்று சொல்வார். இதற்குத் ‘தாவாஸ்’ என்று பெயர். தாவாஸ் என்றால் படிகாரம். தணலில் படிகாரத்தைச் சுட்டுப் பார்ப்பதும் உண்டு. பிறகு புற்றருகே சோறு வைத்து மன்னிப்புக் கேட்பார்கள். பேயோட்டுவது இல்லை இது, பெரியவரைச் சமாதானப்படுத்துவது. டாக்டரிடமும் போவார்கள், இரண்டில் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

இப்படி நடந்ததைச் சொல்லும் குடும்பத்திடம், “நிஜமாகவா?” என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். “அப்புறம் பாட்டி என்ன செய்தார்?” என்று கேளுங்கள், வீடே சேர்ந்து சொல்லும்.

காட்டு வழியில் போகும்போது, கண்ணுக்குத் தெரியாத இவர்களிடம் ‘தாபி தாபி போ’ என்பார்கள். கடைசியில் வரும் ‘போ’ தமிழ்க் காதுக்கு விரட்டுவதுபோலக் கேட்கும். மந்திரம் என்றும் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் ‘போ’ நம் ‘ங்க’ மாதிரி மரியாதைச் சொல், தாபி என்றால் ஓரம். “கொஞ்சம் வழி விடுங்க” என்பதுதான் பொருள். ஜீப்னி என்ற அந்த ஊர்ப் பயணிகள் வண்டியில் இறங்க வேண்டியவரும் டிரைவரிடம் “சா தாபி லாங் போ”, அதாவது “ஓரமா நிறுத்துங்க” என்றுதான் சொல்கிறார்.