வீட்டு ஆட்களை ஹாக்வார்ட்ஸ் ஹவுஸ்களில் பிரிப்பது எப்படி?

மே மாத லீவுக்கு எங்கள் வீட்டில் 11 பேர் கூடியிருந்தோம். வெளியே தலைகாட்ட முடியாத வெயில், கேரம் போர்டுக்கு ஸ்ட்ரைக்கரைக் காணவில்லை. அக்கா மகள்தான் ஆரம்பித்து வைத்தாள்: "நம்ம வீட்ல யார் யார் எந்த ஹவுஸ்?" ஹாரி பாட்டர் கதையில் வரும் மந்திரப் பள்ளிதான் ஹாக்வார்ட்ஸ், அங்கே பிள்ளைகளை நான்கு ஹவுஸ்களாகப் பிரிப்பார்கள். மத்தியானம் தொடங்கிய பேச்சு ராத்திரி சாப்பாடு வரை ஓடியது. நடுவில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். அந்தக் கோபம் வராமலும் இதைச் செய்யலாம் என்பது பிறகுதான் பிடிபட்டது. அதனால் முறையை எழுதி வைக்கிறேன். ஹாரி பாட்டர் 7 பாகங்களையும் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: நான்கு ஹவுஸ்களையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் பள்ளிகளிலும் ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ் உண்டு. எங்கள் பள்ளியில் அட்டெண்டன்ஸ் வரிசைப்படி பிரித்தார்கள். ஹாக்வார்ட்ஸில் அப்படி இல்லை. 11 வயதில் வந்து சேரும் பிள்ளையின் தலையில் ஒட்டுப்போட்ட பழைய தொப்பி ஒன்றை வைப்பார்கள். அது மனசுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எந்த ஹவுஸ் என்று சத்தமாகச் சொல்லும்.

கிரிஃபிண்டாருக்குச் சிங்கம், நிறம் சிவப்பும் தங்கமும். துணிச்சல்தான் அங்கே பெரிது. ரேவன்கிளாவுக்குக் கழுகு, நீலமும் வெண்கலமும். அறிவும் புதுசாக யோசிப்பதும் அவர்களுக்கு முக்கியம். அவர்கள் அறைக்குள் போகக் கடவுச்சொல் கிடையாது. கதவில் இருக்கும் கழுகு ஒரு கேள்வி கேட்கும், பதில் தெரிந்தால்தான் உள்ளே. ஹஃபிள்பஃபுக்கு வளை தோண்டி வாழும் பேட்ஜர், மஞ்சளும் கறுப்பும். உழைப்பு, நேர்மை, கூட இருப்பவரை விட்டுக்கொடுக்காத குணம். அவர்கள் அறை சமையலறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. (இதை ஞாபகம் வையுங்கள், கடைசியில் வரும்.)

நான்காவது ஸ்லிதரின். பாம்பு, பச்சையும் வெள்ளியும். இங்கேதான் புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லோருமே சறுக்குகிறார்கள். கதையின் வில்லன் வோல்டமார்ட் அங்கே படித்தவன் என்பதால், வீட்டில் பிடிக்காதவர்களை எல்லாம் அதில் தள்ளிவிடுவார்கள். ஆனால் ஹாரியின் அப்பா அம்மாவைக் காட்டிக்கொடுத்த பீட்டர் பெட்டிக்ரூ கிரிஃபிண்டார்க்காரன். கடைசிப் போரில் ராத்திரி உடையோடு வந்து வில்லனுக்கு எதிராக நின்ற ஸ்லக்ஹார்ன், ஸ்லிதரினுக்கே தலைவர். முன்னேற வேண்டும் என்ற வெறி, சமயம் பார்த்துக் காரியம் சாதிக்கும் சாமர்த்தியம், தன் ஆட்களைக் காப்பது என்று ஸ்லிதரினை எழுதிக்கொள்ளுங்கள். இப்படி ஒருவராவது இல்லாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அவர் இல்லாவிட்டால் பல குடும்பங்களில் கல்யாண மண்டபமே கிடைத்திருக்காது.

படி 2: குணத்தை எழுதாதீர்கள், சம்பவத்தை எழுதுங்கள்

ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே "பாசமானவர்", "கோபக்காரர்" என்று எழுத ஆரம்பித்தால் காரியம் கெட்டது. எல்லோரும் பாசமானவர்கள்தான். ஆளுக்கு இரண்டு, மூன்று சம்பவங்கள் எழுதுங்கள். அதில் ஒன்றாவது திட்டம் கவிழ்ந்துபோன நாளாக இருக்கட்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் ஒருவரும் தன் ஹவுஸைக் காட்டுவதில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது குலதெய்வக் கோயிலுக்குப் போனபோது வேன் நடுவழியில் நின்றுபோன ராத்திரி. சுற்றிலும் சோளக்காடு, ஒரு விளக்கு கிடையாது. பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் ரோட்டின் நடுவில் போய் நின்று லாரியைக் கை காட்டி நிறுத்தினார். தம்பி டார்ச்சோடு என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, பெல்ட் ஏன் அறுந்தது என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். சித்தி புளியோதரைத் தூக்கைத் திறந்து முதல் இலையை டிரைவருக்குக் கொடுத்தார், தனக்கு மிச்சம் இருக்கிறதா என்று கடைசி வரை பார்க்கவே இல்லை. அத்தை மட்டும் அசையாமல் போனில் பேசிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட்ட ஓட்டல்காரரின் நம்பரை அப்போதே வாங்கி வைத்திருக்கிறார்! முக்கால் மணி நேரத்தில் வேறு வேன் வந்தது. பழைய வேனின் வாடகையிலும் பாதியைக் குறைத்துவிட்டார்.

நால்வரும் நான்கு ஹவுஸ். அத்தை ஸ்லிதரின் என்றதும் முகம் சுருங்கியது. காரணத்தை இந்தச் சம்பவத்தோடு சேர்த்துச் சொன்ன பிறகு, "ஆமா, நான் இல்லன்னா சோளக்காட்டுலதான் தூங்கியிருப்பீங்க" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். முதலில் சம்பவத்தைச் சொல்லுங்கள், ஹவுஸ் பெயர் பிறகு வரட்டும்.

படி 3: "ஏன் செய்தார்" என்று கேளுங்கள்

ஒரே காரியத்தை நான்கு பேர் நான்கு காரணத்துக்காகச் செய்யலாம். ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படிக்கிற பிள்ளை உடனே ரேவன்கிளா ஆகிவிடாது. பாடம் பிடித்துப் படித்தால் ரேவன்கிளா. முதல் ரேங்கை விடக்கூடாது என்று படித்தால் ஸ்லிதரின் பக்கம் பாருங்கள். கூட்டாளிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகப் படித்தால் ஹஃபிள்பஃப். கதையிலேயே ஹாரியின் தோழி ஹெர்மயனிதான் வகுப்பில் கெட்டிக்காரி. தொப்பியும் அவளை ரேவன்கிளாவில் போடலாமா என்று யோசித்தது. கடைசியில் போட்டது கிரிஃபிண்டாரில்.

இன்னொன்று. சத்தமாகப் பேசுகிறவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் அப்பாவை அப்படித்தான் கிரிஃபிண்டாரில் போட்டோம். பல்லிக்குப் பயந்து கட்டில் மேல் ஏறியதை அம்மா நினைவுபடுத்தினார். பட்டியலைத் திருத்த வேண்டியதாயிற்று.

படி 4: ரத்த சம்பந்தத்தை மறந்துவிடுங்கள்

அப்பா எந்த ஹவுஸோ பிள்ளையும் அதே என்று போகக்கூடாது. ஹாரியின் நண்பன் ரானின் வீஸ்லி குடும்பம் மொத்தமும் கிரிஃபிண்டார் என்பது உண்மைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஸ்லிதரினில் இருந்த பிளாக் குடும்பத்திலிருந்துதான் சிரியஸ் கிரிஃபிண்டாருக்குப் போனான். ஹாரியோடு படிக்கும் பாட்டீல் குடும்பத்து இரட்டைச் சகோதரிகளில் பார்வதி கிரிஃபிண்டார், பத்மா ரேவன்கிளா. (படத்தில் இருவரையும் கிரிஃபிண்டாரில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் மனத்தாங்கல்தான்.)

படி 5: இழுபறி வந்தால் ஆளையே கேளுங்கள்

தொப்பிக்கே 5 நிமிடத்துக்கு மேல் குழப்பம் வருவது உண்டு, அபூர்வமாக. மெக்கானகல் டீச்சருக்கு அப்படித்தான், கிரிஃபிண்டாரா ரேவன்கிளாவா என்று. ஹாரியை ஸ்லிதரினில் போடலாமா என்று தொப்பி யோசித்தபோது, வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் அவன் கெஞ்சினான். தொப்பியும் கேட்டுக்கொண்டது. ஆகவே நீங்களும் 5 நிமிடம் வாதாடுங்கள். தீரவில்லையென்றால் சம்பந்தப்பட்டவர் சொல்வதே தீர்ப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் படியிலிருந்தே ஆரம்பியுங்கள், அதுதான் நல்லது.

படி 6: அறிவிப்பு

தொப்பி வாங்க வேண்டாம். எங்களுக்குத் தாத்தாவின் மங்கி குல்லாதான் தொப்பி. அதை மாட்டிவிட்டு, பின்னாலிருந்து ஒருவர் கரகரத்த குரலில் சம்பவத்தைச் சொல்லி, கடைசியில் ஹவுஸ் பெயரைக் கத்த வேண்டும். மே மாதத்தில் கம்பளிக் குல்லா என்பதால் ஆளுக்கு அரை நிமிடம்தான் தாங்கும்.

பாட்டியைக் கடைசியாக வைத்திருந்தோம். அவர் விஷயத்தில் வாதமே இல்லை. ஊருக்கே சோறு போட்டவர், ஹஃபிள்பஃப். குல்லாவை மாட்டப் போனபோது பாட்டி கையைத் தடுத்தார்.

"அவங்க ரூம் எங்கடா இருக்கு?"

"சமையல்கட்டுக்குப் பக்கத்துல பாட்டி."

"60 வருஷம் அடுப்படியிலேயே கிடந்தாச்சு. எனக்கு அது வேண்டாம். கதவுல கழுகு கேள்வி கேக்கும்னியே, அது எது?"

ரேவன்கிளா என்றோம். அது கோபுரத்து உச்சியில் இருக்கிறது, படி நிறைய ஏற வேண்டும் என்றும் சொல்லிப் பார்த்தோம். பாட்டி குல்லாவைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டார்.

"அடிக்க மாட்டான், திட்ட மாட்டான், ஆனா அழ வைப்பான். யாருன்னு அந்தக் கழுகைச் சொல்லச் சொல்லு."