இரவெல்லாம் ஓடிய பம்ப்

நியூசிலாந்தின் ட்விசல் ஊரில் மோட்டார்ஹோமை (உள்ளேயே சமைத்து, தூங்கும் வண்டி) நிறுத்தி, அங்கிருந்து தினமும் ஓரிடம் போய்வந்தோம். ஜூலை என்பதால் அங்கே கடுங்குளிர். முதல் நாள் புகாக்கி ஏரி ஓரமாகவே மவுண்ட் குக் போய், ஹூக்கர் பள்ளத்தாக்கில் 10 கி.மீ. நடந்துவிட்டு, களைப்பில் ஹீட்டரைக்கூடப் போடாமல் போர்வைக்குள் புகுந்துவிட்டோம்.

விடிகாலையில் தண்ணீர் பம்ப் நிற்காமல் ஓடும் சத்தம். குழாய்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன. டார்ச்சோடு இறங்கிப் பார்த்தால் வண்டிக்கு அடியில் ஜல்லி நனைந்து, ஓரத்தில் பனிக்கட்டியாக இறுகியிருந்தது. முந்தின நாள் நிரப்பிய டேங்க் கிட்டத்தட்ட காலி.

பாய்லர் உடைந்துவிட்டது என்றே பயந்துவிட்டேன். உண்மையில் பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, அது இருக்கும் இடம் சுமார் 3 டிகிரிக்குக் கீழே போனால், உள்ளே தண்ணீர் உறைந்து பாய்லர் வெடிக்காமலிருக்க, தானே திறந்து எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடும், பம்ப் போட்டிருந்தால் டேங்க் தண்ணீரும் அதோடு போய்விடும். அதன் பொத்தானை அழுத்தினேன், நிற்கவில்லை, துள்ளித் துள்ளி வெளியே வந்தது. சுமார் 7 டிகிரிக்கு மேல் சூடானால்தான் மூடுமாம். சரி என்று பம்பை அணைத்து, ஹீட்டரைப் போட்டு, வால்வு இருக்கும் பெஞ்சின் கதவைத் திறந்துவைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அழுத்தினேன், ‘டக்’ என்று உட்கார்ந்தது.

அப்புறம் தினமும் படுக்கும்முன் பம்பை அணைத்து, ஹீட்டரைக் குறைவாக ஓடவிட்டோம். கழிவுநீரைக் கொட்டி, டேங்கை நிரப்பும் வேலையை வெயில் ஏறிய பிறகே வைத்துக்கொண்டோம், காலையில் ஹோஸ் உறைந்திருக்கும்.