குன்னூர்ல இருந்து அரையாண்டு லீவுக்கு மெட்ராஸ் போறீங்களா?

முதல்ல டிக்கெட். மேட்டுப்பாளையத்துல ராத்திரி ஒம்பது மணிக்கு மேல கிளம்புற நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் வசதி, 60 நாள் முன்னாடியே புக்கிங் ஓப்பன் ஆயிடும், அன்னைக்கே போட்டுடுங்க, விட்டா தட்கல்தான், ஸ்லீப்பருக்கு முந்தின நாள் காலைல 11 மணிக்கு. லீவுல டூரிஸ்ட் வண்டிங்க மலைப்பாதைய அடைச்சுக்கும், அதனால மதியமே கீழ இறங்கிடுங்க, ஸ்டேஷன்ல சும்மா உக்காந்திருந்தாலும் பரவால்ல.

சித்தி வீட்டுக்கு வர்க்கி, டீத்தூள், யூகலிப்டஸ் தைலம் போதும். வர்க்கிய டப்பால போடுங்க, கவர்ல போட்டா சென்ட்ரல் போறதுக்குள்ள தூளாயிடும்.

அங்க டிசம்பர்லயும் ஃபேன் ஓடும் (நம்ம கம்பளிய பாத்து சிரிப்பாங்க), ஆனா ஸ்வெட்டர பைக்கு அடியில திணிக்காதீங்க, திரும்புறப்ப விடிகாலைல மேட்டுப்பாளையத்துல இறங்கி பஸ் புடிச்சு பர்லியார் தாண்டினதும் தேடுவீங்க. மார்கழி கச்சேரி சீசன் வேற, பாட்டு புடிக்கலன்னாலும் சபா கேன்டீனுக்கு ஒருநாள் போயிடுங்க.