இங்கிலாந்தில் வாள் வாங்குவதற்கும் வரவழைப்பதற்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ குடியிருப்பவர் ஒருவர் சுவரில் மாட்டுவதற்கு ஒரு வாளையோ, பயிற்சிக்கு ஒரு கட்டானா என்னும் ஜப்பானிய வளைவாளையோ, ஊரில் கிடக்கும் முன்னோரின் வாளையோ கொண்டுவர எண்ணினால், பணம் கட்டுவதற்கு முன்பே அதன் வடிவம், நீளம், வயது, செய்யப்பட்ட முறை ஆகியவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். துப்பாக்கிக்கு இருப்பதைப் போன்ற உரிமச் சீட்டு அங்கே வாளுக்குக் கிடையாது. ஆகவே எந்த அதிகாரியும் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தரப்போவதில்லை. பிரச்சினை எழும்போது தன் வாள் விதிவிலக்குக்குள் அடங்குவதை எடுத்துக்காட்டும் பொறுப்பு உடைமையாளரிடமே வந்து சேர்கிறது.

முதலில் வடிவத்தைப் பாருங்கள். 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 141ஆம் பிரிவின் கீழ் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. கைத்தடிக்குள் ஒளித்த வாள், பட்டாம்பூச்சிக் கத்தி, இடைவாரின் கொக்கியில் மறைத்த கத்தி, வேறு பொருளைப் போலத் தோற்றமளிக்கும் கத்தி ஆகியவை அதில் உள்ளன. பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தியை 1959ஆம் ஆண்டின் தனிச் சட்டமே தடுத்துவிட்டது. 2008 ஏப்ரலில் 50 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட வளைந்த அலகுள்ள வாள்களும், 2024 செப்டம்பர் 24 முதல் ‘ஜாம்பி’ பாணிக் கத்திகளும், 2025 ஆகஸ்ட் 1 முதல் நேரான வெட்டு விளிம்புள்ள ‘நிஞ்சா’ வாள்களும் பட்டியலில் சேர்ந்தன. இவ்வகைப் பொருளை விற்பது, வாடகைக்கு விடுவது, இரவல் தருவது, பரிசளிப்பது, இறக்குமதி செய்வது எல்லாமே குற்றம். 2021 ஜூலை 14 முதல் சொந்த வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றமாகிவிட்டது. பலர் அறியாமலிருப்பது இந்தக் கடைசி மாற்றத்தைத்தான். வீட்டை விட்டு வெளியே எடுப்பதில்லையே என்ற சமாதானம் இப்போது செல்லாது.

அடுத்து, அளவுநாடாவை எடுங்கள். வளைந்த வாளின் நீளத்தை வளைவை ஒட்டி அளக்கக் கூடாது. கைப்பிடியின் மேல் விளிம்பிலிருந்து அலகின் முனை வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். ‘ஜாம்பி’ பாணி என்று சட்டம் சொல்வது 8 அங்குலத்துக்கு மேற்பட்ட கூர்முனை அலகில் ரம்பப் பல், ஒன்றுக்கு மேற்பட்ட துளை, முள் போன்ற துருத்தல், இரண்டுக்கு மேற்பட்ட கூர்முனை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பதை. வெறும் தோற்றத்துக்காகச் செய்யப்பட்ட இந்த அலங்காரங்களே ஒரு கத்தியைத் தடைப்பட்டியலுக்குள் தள்ளிவிடுவதால், விற்பனையாளர் தரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது அவசியம்.

வளைந்த வாள் 50 செ.மீ.யை எட்டினாலோ தாண்டினாலோ, அதன் வயதும் செய்முறையும் உங்களைக் காப்பாற்றக்கூடும். 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு விலக்கு உண்டு. 1954க்கு முன் செய்யப்பட்டதோ, எக்காலத்தில் செய்யப்பட்டிருந்தாலும் மரபு முறைப்படி கையால் செய்யப்பட்டதோ ஆன வாளுக்கும் எதிர்வாதம் உண்டு. வரலாற்றுப் போர்க்காட்சிகளை நடித்துக்காட்டும் குழுக்களுக்கும் விளையாட்டுக்கும் தனி ஏற்பாடுகள் உள்ளன. சீக்கியர்கள் தங்கள் மதச் சின்னமான நீண்ட கிர்பான் வாளை வைத்திருப்பதையும் விழாக்களில் வழங்குவதையும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாத்தது. அது நியாயமான திருத்தம். ‘கையால் செய்தது’ என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்தால் மட்டும் போதாது. கொல்லர் அல்லது பட்டறையின் எழுத்துமூலமான சான்றையும், பழைய வாளாயின் அறிந்த மதிப்பீட்டாளரின் கடிதத்தையும் கேட்டு வாங்கி, வாளுடன் வைத்திருங்கள்.

இந்தியாவிலிருந்து கொண்டுவர நினைப்பவர்கள் இன்னொரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். இங்கிலாந்தில் கதவைத் திறந்துவிடும் அதே 100 ஆண்டு வயது இந்தியாவில் கதவை அடைத்துவிடுகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டு நிறைந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயது அதைவிடக் குறைவு என்றால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடமிருந்து பெறலாம். அதன் பிறகும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கிறது: அதன் 10ஆம் பிரிவின்படி உரிமமின்றி ஆயுதத்தை நாட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ கொண்டுசெல்ல முடியாது, வாளும் அந்தச் சட்டத்தின் பொருளில் ஆயுதமே. வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே உருவாக்கப்பட்ட கருவிகள் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. குடும்பத்தின் பழைய வாளைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுருட்டி எடுத்துவருவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிடிபட்டால் வாளும் போகும், வழக்கும் வரும்.

இணையத்தில் வாங்கும்போது வயதுச் சரிபார்ப்பைத் தொல்லையாக எண்ண வேண்டாம். 2022 ஜூனில் வுல்வர்ஹாம்ப்டனில் 16 வயதுச் சிறுவனைக் கொன்ற வாள், வேறொருவரின் பெயரைக் காட்டி இணையத்தில் வாங்கப்பட்டது. அவனுடைய குடும்பத்தார் தொடர்ந்து போராடியதன் பயனாகவே நிஞ்சா வாள் தடை வந்தது. 18 வயது நிரம்பாதவருக்குக் கத்தி விற்பது குற்றம்.

வாங்கிய பின், சட்டப்படியான வாளாக இருந்தாலும் பொது இடத்தில் தக்க காரணமின்றிக் கையில் வைத்திருந்தால் நான்கு ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள மடக்குக் கத்திக்கு மட்டுமே காரணம் தேவையில்லை. விரித்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி, அளவில் சிறியதானாலும் இந்தச் சலுகைக்குள் வராது. தொழில், மதம், தேசிய உடை ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். பயிற்சிக்கு எடுத்துச் செல்பவர் வாளை உறையிலிட்டு, பூட்டிய பையில் வைத்து, வழியில் எங்கும் தங்காமல் செல்வது நல்லது.

வரவழைத்த வாளை எல்லையில் கைப்பற்றிவிட்டால், கைப்பற்றிய அறிவிப்புக் கடிதத்தின் தேதியை உடனே குறித்துக்கொள்ளுங்கள். கைப்பற்றியது சட்டப்படி தவறு என்று கருதினால், ஒரு மாதத்துக்குள் எழுத்துமூலம் உரிமை கோர வேண்டும். அந்தக் கெடு கடந்துவிட்டால், கையிலுள்ள சான்றுகள் எவ்வளவு வலுவானவையாக இருந்தாலும் பொருள் பறிமுதலானதாகவே கொள்ளப்படும்.