நாயின் கண்ணில் பீளை ஓயவில்லையா? முதலில் கண்ணீரை அளக்கச் சொல்லுங்கள்

எங்கள் பட்டு, பக் இன நாய். ஆறு வயதில் அவளுடைய இடக்கண்ணில் பீளை தள்ள ஆரம்பித்தது. கிருமித் தொற்று என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். போட்டால் நான்கு நாள் குறையும். நிறுத்தினால் மறுபடியும் வந்துவிடும். மூன்று மாதத்தில் மூன்று மருந்துகள் மாறின. அவளுக்கு இருந்தது உலர் கண் நோய் என்பது அதன் பிறகே தெரிந்தது. கண்ணீர் வற்றினால் கண்ணைக் கழுவ எதுவும் இல்லை. கிருமி அங்கே தங்கிப் பெருகும். கிருமிக்கு மட்டும் மருந்து போட்டுக்கொண்டிருந்தால் பீளை எப்படி ஓயும்? இந்த மூன்று மாதம் உங்கள் நாய்க்கும் வீணாகக் கூடாது.

1. வெளிச்சத்தில் பாருங்கள்

காலையில், துடைப்பதற்கு முன், நாயை ஜன்னலோரம் உட்காரவையுங்கள். தண்ணீர் போல வடிந்து முகத்தில் பழுப்புக் கோடு விழுந்தால் இமைமுடி உரசல், ஒவ்வாமை, கண்ணீர் வடியும் குழாயில் அடைப்பு என்று காரணம் வேறாக இருக்கலாம். உலர் கண்ணின் பீளை கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். பஞ்சால் எடுத்தால் பசை போல நூல் நூலாக நீளும். இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல கண்ணில் ஜன்னல் கம்பிகள் கண்ணாடியில் போலத் தெளிவாகத் தெரியும். பட்டுவின் கண்ணில் அவை கலைந்து, மங்கித் தெரிந்தன. தினமும் ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால் மருத்துவருக்கு உதவும்.

2. காத்திருக்கக் கூடாத நிலைகள்

கண்ணைத் திறக்காமல் இடுக்கிக்கொண்டிருப்பது, கருவிழி நீலமாகவோ வெள்ளையாகவோ மங்குவது, கண் பிதுங்குவது, திடீரென்று சுவரில் மோதுவது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

3. எதையும் ஊற்றாதீர்கள்

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதுவும் வேண்டாம். வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்து அதைவிட ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், புண் ஆழமாகிக் கண்ணே போய்விடலாம். காய்ந்த பீளையை மட்டும், கொதித்து ஆறிய நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒற்றி வைத்து, ஊறிய பின் துடையுங்கள். பிய்க்காதீர்கள்.

4. கண்ணீர் அளக்கும் சோதனையைக் கேளுங்கள்

இதற்குப் பெயர் ஷிர்மர் சோதனை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய காகிதப் பட்டையைக் கீழிமைக்குள் செருகி ஒரு நிமிடம் வைப்பார்கள். காகிதம் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் நனைந்தால் கண்ணீர் போதும். 10க்குக் கீழே என்றால் உலர் கண் என்று சந்தேகிக்க வேண்டும். 5க்குக் கீழே என்றால் முற்றிய நிலை. பட்டுவின் காகிதம் 4 மி.மீ. தாண்டவில்லை. அந்த ஒரு நிமிடம் மூன்று மாதம் முன்பே கிடைத்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

எந்தச் சொட்டும் விடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். ஆகவே அன்று காலை கண்ணைக் கழுவாமல் அழைத்துச் செல்லுங்கள். பிறகு பச்சைச் சாயம் விட்டுக் கருவிழியில் புண் உண்டா என்றும், கருவி வைத்துக் கண் அழுத்தம் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். சல்ஃபா (ஒரு வகைக் கிருமிக்கொல்லி) மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, கண்ணின் உள்மூலையில் சிவந்து பிதுங்கும் 'செர்ரி கண்' என்று மூன்றாம் இமைச் சுரப்பியை முன்பு வெட்டி எடுத்திருந்தாலோ மறக்காமல் சொல்லுங்கள். இரண்டுமே கண்ணீரை வற்றச் செய்யும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்குவதால், இரத்தப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.

5. களிம்பு போடும் முறை

பெரும்பாலும் சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் களிம்பு தருவார்கள். கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்கும் உடலின் சொந்த நோயெதிர்ப்பைத் தணித்து, கண்ணீரைத் திரும்பச் சுரக்க வைப்பது இதன் வேலை.

நாய்க்கு முன்னால் நின்று குழாயை நீட்டினால் அது மிரளும். அதை உங்கள் கால்களுக்கு நடுவில், உங்களுக்கு முதுகு காட்டி உட்காரவையுங்கள். இடக்கையால் தாடையைத் தூக்கி, கட்டைவிரலால் கீழிமையை இழுங்கள். வலக்கையை அதன் நெற்றியில் ஊன்றிக்கொண்டால், தலையை ஆட்டினாலும் குழாயின் முனை கண்ணில் குத்தாது. ஓர் அரிசி நீளம் போதும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் இருந்தால் அதை முதலில் விட்டு, பத்து நிமிடம் கழித்துக் களிம்பு. முடிந்ததும் ஒரு தின்பண்டம், பிறகு கை கழுவல்.

6. பொறுமை

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; சில நாய்களுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். பட்டுவுக்கு ஆறாவது வாரச் சோதனையில் 13 மி.மீ. வந்தது. பீளை நின்றுவிட்டது என்று களிம்பை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான நாய்களுக்கு இது ஆயுள் முழுவதும் தேவைப்படும். எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைப்பதில்லை. குழாய் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள்.