மோரிஸ் மைனரின் பெடல்களைத் தரையிலிருந்து ஃபயர்வாலுக்கு மாற்றுவது எப்படி?

1948 முதல் 1971 வரை வெளிவந்த மோரிஸ் மைனர் காரில் பிரேக், கிளட்ச் பெடல்கள் இரண்டும் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். மிதிக்கும் விசையை பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், சேஸியின் பெட்டிக்குள் படுத்திருக்கும். பிரேக் ஆயில் அளவு பார்க்க வேண்டுமென்றால் தரை விரிப்பைத் தூக்கி மூடியைத் திறக்க வேண்டும். சிலிண்டரைக் கழற்றப் போனாலோ பக்கத்தில் ஓடும் டார்ஷன் பார் (முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) அதன் போல்ட்டை வெளியே எடுக்க விடாது. மழைநீரும் சேறும் முதலில் போய்ச் சேரும் இடமும் அதுதான். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மைனர்களில், சிலிண்டரைச் சுற்றியுள்ள சேஸித் தகடு துருப்பிடித்திருப்பது வழக்கமான காட்சி.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பழைய அமைப்பு ஒற்றைச் சுற்று. ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பெடல்களை ஃபயர்வாலுக்கு, அதாவது எஞ்சினையும் காரின் உள்ளிடத்தையும் பிரிக்கும் தகட்டுக்கு, மாற்றும்போது முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றுள்ள டேண்டம் சிலிண்டரைப் போடுங்கள். இவ்வளவு வெட்டி ஒட்டிவிட்டு மறுபடியும் ஒற்றைச் சிலிண்டரையே மாட்டுவதில் அர்த்தமில்லை. வண்டி முழுக்க அசலாகவே இருக்கிறது, நிதானமாகத்தான் ஓட்டுகிறீர்கள் என்றால், பழைய சிலிண்டருக்குப் புது ஸ்லீவும் ரப்பரும் போட்டாலே போதும். எஞ்சினை மாற்றியவர்களும் முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட்டவர்களும்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

வெட்டுமுன் கணக்கு

ஃபயர்வாலில் மாட்ட, மேலிருந்து தொங்கும் பெடலைப் பெரும்பாலும் வலப்பக்க ஸ்டியரிங் உள்ள சிறிய ஜப்பானியக் காரிலிருந்து, சட்டத்தோடு சேர்த்து எடுப்பார்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அந்தக் காரில் கால் விசையைக் கூட்டித்தரும் வேக்கம் பூஸ்டர் இருந்திருந்தால் அதன் பெடல் விகிதம் ஏறக்குறைய 4:1 இருக்கும். பூஸ்டர் இல்லாமல் ஓட்ட 6:1 வேண்டும். பெடல் ஊசியின் (பெடல் திரும்பும் அச்சின்) மையத்திலிருந்து மிதியின் மையம் வரை அளந்து, அதை ஊசியிலிருந்து புஷ் ராட் (சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி) மாட்டும் துளை வரையுள்ள தூரத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 300 மி.மீ. பெடலில் துளை 75 மி.மீ.யில் இருந்தால் 4:1. அதையே 50 மி.மீ.யில் துளைத்தால் 6:1. துளை 25 மி.மீ. மேலே போனால் சிலிண்டரும் அதே அளவு மேலே போக வேண்டும். துளையை மட்டும் மாற்றிவிட்டுச் சிலிண்டரை இருந்த இடத்திலேயே விட்டால் புஷ் ராட் சாய்ந்து, பிஸ்டன் ஒருபக்கமாகத் தேயும்.

சிலிண்டரின் உள்விட்டத்தையும் கூடவே முடிவு செய்யுங்கள். மைனரின் பழைய சிலிண்டர் 7/8 இஞ்ச்; பரப்பு 3.88 சதுர செ.மீ. அதுவே 3/4 இஞ்சானால் 2.85 சதுர செ.மீ. கால் 30 கிலோ அழுத்துகிறது, விகிதம் 6:1 என்றால் பிஸ்டன் மேல் 180 கிலோ. 7/8 சிலிண்டரில் சதுர செ.மீ.க்கு 46 கிலோ அழுத்தம் வரும். 3/4 சிலிண்டரில் 63 கிலோ. பூஸ்டர் காரின் 4:1 பெடலை அப்படியே 7/8 சிலிண்டரோடு சேர்த்தால் 31 கிலோதான் மிஞ்சும். பெடல் கல் போல இருக்கும், வண்டி நிற்காது. “பெடல் நல்ல டைட்டா இருக்கு” என்று ஏமாறுவது இந்த நிலையில்தான்.

நான்கும் டிரம் என்றால் 3/4 சரியாக அமையும். முன்னால் பெரிய பிஸ்டன் உள்ள டிஸ்க் காலிப்பர் இருந்தால் அது கூடுதல் ஆயில் கேட்கும். 3/4 போட்டால் பெடல் நீளமாக இறங்கலாம். மிதி 150 மி.மீ. நகர்ந்தால் 6:1இல் பிஸ்டன் 25 மி.மீ. நகரும். உங்கள் கையில் இருப்பது அவ்வளவே.

இடமும் சட்டமும்

மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் இடப்பக்கம். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் சிலிண்டர் சூட்டுக்கு எதிர்ப்புறம் வருவது நமக்கு வசதி. ஆனாலும் ஸ்டியரிங் தண்டு, ஃபயர்வால் மேலுள்ள பேட்டரித் தட்டு, வயர்கள் ஆகியவற்றுக்கு நடுவில்தான் இடம் தேட வேண்டும். முதலில் தடித்த அட்டையில் பெடல் சட்டத்தின் அச்சை வெட்டி, இருக்கையில் உட்கார்ந்து கால் வைத்துப் பாருங்கள். பிரேக் மிதிக்கும் ஆக்சிலரேட்டருக்கும் இடையே 50 முதல் 60 மி.மீ. இருக்கட்டும். பெடல் முழுக்க இறங்கும்போது ஸ்டியரிங் தண்டையோ தரையையோ தொடக் கூடாது. பேட்டரியைப் பின்பெட்டிக்கு மாற்றினால் இடம் தாராளமாகும், ஆனால் தடித்த கேபிளும் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூசும் அவசியம்.

இந்த வேலையின் உயிர்நாடி அடுத்தது. ஃபயர்வால் மெல்லிய தகடு. பிரேக் விசையைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. திடீர் பிரேக்கில் 70 கிலோ மிதித்தால் சிலிண்டரை 420 கிலோ முன்னோக்கித் தள்ளும். அதே நேரத்தில் மேலே உள்ள பெடல் ஊசி 350 கிலோ பின்னோக்கி இழுக்கும். தகடு இரண்டுக்கும் நடுவே முறுக்கப்படுகிறது. 2 மி.மீ. வளைந்தால் மிதியில் 12 மி.மீ. வீணாகும். நாளடைவில் போல்ட் துளையைச் சுற்றி விரிசலும் விழும்.

ஆகவே ஊசியைத் தாங்கும் சட்டமும் சிலிண்டரின் முகமும் ஒரே தகட்டில் பிணைந்திருக்க வேண்டும். 3 மி.மீ. இரும்புத் தகட்டை, பெடல் சட்டத்தின் அடியைவிட எல்லாப் பக்கமும் 40 மி.மீ. பெரிதாக வெட்டி உள்பக்கம் வையுங்கள். எஞ்சின் பக்கமும் அதே போல ஒன்று. ஃபயர்வால் நடுவில் மாட்டிக்கொள்ள, எட்டு மில்லி 8.8 தர போல்ட், நைலாக் (அதிர்வில் தளராத) நட். இடையில் இரட்டைத் தகடோ இடைவெளியோ இருந்தால் போல்ட்டைச் சுற்றிக் குழாய்த் துண்டு வையுங்கள். இல்லையேல் முறுக்க முறுக்கத் தகடு நசுங்கும். சட்டத்தின் மேல்முனையிலிருந்து டாஷ்போர்டின் அடிச்சட்டத்துக்கு ஒரு தாங்கு கம்பி கட்டாயம். பின்னோக்கி வரும் இழுப்பை அதுதான் வாங்கிக்கொள்ளும். ரிவெட் நட்டை நம்ப வேண்டாம்.

பெடல் பாதி இறங்கிய நிலையில் புஷ் ராட் சிலிண்டரோடு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி துளையைக் குறியுங்கள். சிலிண்டரின் மூக்கு மேல்நோக்கி நின்றால் உள்ளே காற்று தங்கும். மட்டமாக வைக்க முடியாவிட்டால், பிளீட் செய்யும்போது (காற்றை வெளியேற்றும்போது) வண்டியின் பின்புறத்தை உயர்த்துங்கள்.

பைப்பில் ஒளிந்திருக்கும் ஆபத்து

மைனரின் பைப் நட் 3/8 யு.என்.எஃப். (இஞ்ச் அளவுப் புரி), இஞ்சுக்கு 24 புரி. ஜப்பானியச் சிலிண்டரின் துளை எம்10×1 (விட்டம் 10 மி.மீ., புரி இடைவெளி 1 மி.மீ.). பழைய நட் புதுத் துளையில் போகும், சில சுற்று பிடிப்பது போலவும் இருக்கும். ஆனால் விட்டம் அரை மி.மீ. குறைவு, அவசர பிரேக்கில் புரி உரிந்து பைப் வெளியே வந்துவிடும். நட்டைச் சிலிண்டருக்கு ஏற்றதாகவே வாங்கி, பைப்பின் வாயை அந்தத் துளையின் அடி கேட்கும் வடிவில் விரியுங்கள். 3/16 இஞ்ச் செம்பு-நிக்கல் பைப் வளைக்க எளிது, துருப்பிடிக்காது. வெறும் செம்புப் பைப் அதிர்வில் கெட்டித்து வெடிக்கும், வேண்டாம்.

பழைய இணைப்பில் முன்னும் பின்னும் சேரும் இடத்தைப் பிரித்து, பின்சக்கரத்துக்குத் தனிப் பைப் இழுங்கள். டேண்டமின் எந்த வாய் முன்சக்கரத்துக்கு என்பது சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். அதன் ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பார்த்தே இணையுங்கள். பிரேக் விளக்குக்கான பழைய சுவிட்ச் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. அது ஒரு சுற்றில் மட்டும் இருந்தால், அந்தச் சுற்று போகும் நாளில் விளக்கும் எரியாது. பெடலில் தட்டும் சுவிட்சாக மாற்றிவிடுங்கள்.

சிலிண்டர் இப்போது சக்கரத்தைவிட உயரத்தில் இருப்பதால், டிஸ்க் சுற்றில் எஞ்சிய அழுத்த வால்வு (பெடலை விட்ட பிறகும் பைப்பில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைப்பது) எதுவும் வேண்டாம். இருந்தால் டிஸ்க் உரசிச் சூடாகும். டிரம் சுற்றுக்கு, சக்கரச் சிலிண்டரின் ஸ்பிரிங்கில் கப்பை விரிக்கும் தட்டு இல்லையென்றால் 10 பி.எஸ்.ஐ. வால்வு போடுங்கள்.

கிளட்ச்

அசலில் கிளட்ச் முழுக்கக் கம்பி இணைப்பு. பெடல் தண்டின் துளை முட்டையாகத் தேய்வது அதன் தீராத நோய். தொங்கும் பெடலுக்கு ஹைட்ராலிக்தான் பொருந்தும். முதலில் ஃபோர்க்கின் (கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலின்) முனை எவ்வளவு நகர்ந்தால் கிளட்ச் விடுபடுகிறது என்று அளந்துவிடுங்கள். ஸ்லேவ் (ஃபோர்க்கைத் தள்ளும் சிலிண்டர்) 7/8 இஞ்சாகவும் மாஸ்டரின் நகர்வு 25 மி.மீ.யாகவும் இருந்தால், 5/8 மாஸ்டர் ஸ்லேவை 12.8 மி.மீ. தள்ளும், 0.7 இஞ்ச் 16 மி.மீ.; 3/4 இஞ்ச் 18 மி.மீ.க்குச் சற்றே மேல். தேவைக்கு 2 மி.மீ. கூடுதலாகக் கிடைப்பதைத் தேர்ந்து, பெடலுக்கு அடியில் தடுப்பு போல்ட் வையுங்கள். தடுப்பு இல்லாவிட்டால் ஸ்லேவின் பிஸ்டன் எல்லை தாண்டி வெளியே வந்துவிடக்கூடும். ஸ்லேவைத் தாங்கும் பிராக்கெட்டை கியர்பாக்ஸ் உறையிலேயே மாட்டுங்கள். சேஸியில் மாட்டினால் எஞ்சின் ரப்பரில் ஆடும்போதெல்லாம் கிளட்சும் ஆடும்.

பொருத்திய பிறகு

டேண்டம் சிலிண்டரை வைஸில் பிடித்து, இரு வாயிலிருந்தும் குழாயை ஆயில் டப்பாவுக்கே திருப்பி, குமிழி நிற்கும்வரை மெதுவாகக் குத்திக் காற்றை எடுத்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள். டாட் 4 ஆயில் போதும். சிலிக்கானான டாட் 5ஐக் கலக்கவே கூடாது. டாட் 4 பெயின்டை அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிளீட் வரிசை: இடது பின், வலது பின், இடது முன், வலது முன்.

பெடல் மேலே இருக்கும்போது புஷ் ராட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே 1 மி.மீ. இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளையைப் பிஸ்டன் மூடியபடியே நிற்கும்; ஆயில் சூடேறி விரிய வழியில்லாமல், சில கிலோமீட்டரில் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். சாலையோரம் நின்று ஆறிய பிறகு சரியாகிவிடுவதால், காரணம் தெரியாமல் டிரம்மைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

தரையில் பழைய பெடல் வந்த பிளவுகளை 1.2 மி.மீ. தகட்டால் மூடி சீலர் பூசுங்கள். சேஸியில் பழைய தண்டு நின்ற துளைகளுக்கு ரப்பர் மூடி. சேஸியை மட்டும் வெட்டவே வேண்டாம். டார்ஷன் பாரின் சுமை அதன் வழியாகத்தான் போகிறது.

சாலைக்குப் போகுமுன் இரண்டு சோதனை. ஒருவர் பெடலை முழுப் பலத்தோடு மிதிக்க, மற்றவர் எஞ்சின் பக்கம் சிலிண்டரின் முகத்தில் ஸ்கேல் வைத்துப் பார்க்கட்டும், அரை மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் தாங்கு கம்பி போதவில்லை. அடுத்து, பின்சக்கரப் பிளீட் திருகைத் திறந்துவிட்டு மிதியுங்கள். பெடல் தரையைத் தொடுமுன் முன்சக்கரம் பிடித்தாக வேண்டும். முன்சக்கரத் திருகைத் திறந்து பின்சக்கரத்தையும் அப்படியே பாருங்கள். ஏதாவது ஒன்று தோற்றால் பெடலின் பாதை போதவில்லை, டேண்டம் போட்ட பயனே இல்லை என்று பொருள். மிதியின் உயரத்தையும் புஷ் ராட் நீளத்தையும் சரிசெய்து, காற்றெடுத்து, மறுபடி சோதியுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா நட்டுக்கும் ஒருமுறை ஸ்பேனர் வைத்து, பைப் முனைகளில் ஈரம் இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.